வேனுக்கு அடியில் தண்ணீர் உறையாமல் இருக்க

கேள்வி: மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் வசிக்கிறோம். பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு, கழிவறையோடு கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். ஜனவரிக் கடைசியில், எழுபது வயது அம்மா உட்பட ஐந்து பேர் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குப் போகிறோம். 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு அடியில் சேஸிஸில் தொங்குகிறது. தெர்மாகோலைச் சுற்றிக் கட்டினால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?

பதில்: போதாது. கரிமேடு மீன் சந்தையில் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. ஐஸ் உருகுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மாலைக்குள் மறுபடியும் ஐஸ் கொட்டியாக வேண்டும். உங்கள் தொட்டிக்கும் அதே கணக்கு, திசை மட்டும் வேறு. உள்ளே கொஞ்சமாவது சூடு பிறக்காவிட்டால், எத்தனை சுற்றுக் கட்டினாலும் சீக்கிரமோ தாமதமாகவோ தண்ணீர் உறைந்துவிடும். ஸ்பிதியின் காஸா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவது சாதாரணம்.

நம் ஊரில் பாடி கட்டும்போது கூரையைத்தான் கவனிக்கிறோம். வெயில் மேலிருந்து வருகிறது. குளிர் நாட்டில் வண்டிக்கு அடியில் ஓடும் காற்றுதான் சூட்டை உருவிக்கொண்டு போகும்.

முதலில் உறைவது தொட்டி அல்ல. 120 லிட்டர் உறைய வெகுநேரம் பிடிக்கும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய குழாயில் கால் லிட்டர் தண்ணீர்கூட இருக்காது. அது சீக்கிரமே கட்டியாகிவிடும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. வடக்கே போய்த் திரும்பிய ஒரு வேனை என் பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது தொட்டியில் கீறல்கூட இல்லை. அடியில் இருந்த பிளாஸ்டிக் வளைவு மட்டும் முருங்கைக்காய் போல நீளவாக்கில் பிளந்திருந்தது. ஆகவே தொட்டி, குழாய், வடிகால் வால்வு மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவாருங்கள்.

அந்தப் பெட்டிக்கு வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். அது உதிரும், நீரையும் உறிஞ்சும். எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்த்தியான நுரைப் பலகையை 50 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். சாலைக் கல் தெறிக்காமல் வெளியே அலுமினியத் தகடு அடியுங்கள். சைலன்சர், பிரேக் குழாய், ஷாஃப்ட் பக்கம் நுரை எதுவும் போகக் கூடாது. உள்ளே, தொட்டியின் அடியில் 12 வோல்ட் ஹீட்டர் பேடு ஒட்டி, 5 டிகிரியில் தானாக ஓடும்படி தெர்மோஸ்டாட் வையுங்கள். 60 வாட் பேடு 5 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் விடாமல் ஓடினால் 50 ஆம்பியர்-மணி, அதாவது 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி. வேனில் டீசல் ஹீட்டர் இருந்தால் அதன் சூடான காற்றுக் குழாயில் ஒரு கிளையைப் பெட்டிக்குள் விடுவது இன்னும் நல்லது. லித்தியம் பேட்டரி என்றால் அதை வண்டிக்குள் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்.

வண்டி நிற்கும்போது சுற்றிலும் தார்ப்பாயைத் தரைவரை தொங்கவிட்டு, ஓரத்தில் கல் வைத்துக் காற்றை அடைப்பது மிகவும் பயன்படும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் தார்ப்பாய்க்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். தார்ப்பாய் கட்டியிருக்கும்போது இன்ஜினை ஓட்டாதீர்கள். கரி அடுப்பை அடியிலும் வைக்காதீர்கள், உள்ளேயும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். அம்மாவின் படுக்கைக்கு அருகே அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கழிவுநீர் வால்வைத் திறந்தே விடாதீர்கள். சொட்டும் நீர் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். மூடி வைத்து, சேர்ந்ததும் அதற்குரிய இடத்தில் கொட்டுங்கள். சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், அதனால் அடுப்பு மங்கும். அதற்காகச் சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடாக்கவே கூடாது. சாதாரண டீசலும் அந்தக் குளிரில் மெழுகு கட்டும். மலை ஏறும் முன் குளிர்கால டீசல் கிடைக்கும் இடத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஸ்பிதிக்குப் போகும் வழியில் உள்ள ராம்பூரைத் தாண்டும் முன் அடித்தொட்டியையும் குழாயையும் முழுக்க வடித்துவிடுவேன். வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் மூன்றை முக்கால் அளவு நிரப்பி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒன்றரை நாள் தாராளமாக வரும். ஆள் தூங்கும் சூட்டில் அது உறையாது. பெட்டியும் ஹீட்டரும் திரும்பும் வழிக்கும் அடுத்த பயணத்துக்கும் இருக்கட்டும்.

புறப்படும் முன் ஓர் இரவு கொடைக்கானலில் தங்குங்கள். ஜனவரியில் அங்கே உறைபனி விழும். காற்று வீசும் பக்கமாக வண்டியை நிறுத்தி, எரிவாயுவை முழுக்க மூடிவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் தரை ஓரமாக, குழாயும் வயரும் இறங்கும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் எங்கே வளைகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிட்டு, மதுரைக்குத் திரும்பியதும் சீலண்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.