இரவு வண்டி வேண்டாம், காலை ஓ.பி. போதும்

வாசகர் கேள்வி – பதில்

பதில் அளிப்பவர்: நீலகிரி அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர், குன்னூர்

கேள்வி: அக்கா, நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 41. பச்சைத் தேயிலை ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறார். இப்போது ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர் ஆகிவிட்டது. காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாமல் அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. கேட்டால் 'குளிருக்குத்தான்' என்கிறார். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் காலி பாட்டில்களை என் பையன் பொறுக்கி, பக்கத்து வீட்டு மாமாவிடம் கொடுத்துக் கடையில் திருப்பச் சொல்லி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்துக் கணக்கு நோட்டு வாங்கியிருக்கிறான். அதைப் பார்த்த ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்து ஆள் வந்து கார்டு கொடுத்தார். 'அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள், ராத்திரி நாங்களே வண்டியில் வந்து தூக்கிக்கொள்கிறோம், மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது' என்கிறார். முன்பணம் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா? என் நாத்தனார் சாப்பாட்டில் கலக்க ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறாள். அதைப் போடலாமா? இங்கேயே, ஊருக்குத் தெரியாமல், ஏதாவது வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி வட்டம்

பதில்: அம்மா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொடியை இன்றைக்கே கழிவறையில் கொட்டுங்கள். வழி இங்கேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஒரு தேயிலை பேக்டரியில் எலக்ட்ரீஷியன். உங்கள் வீட்டுக்காரர் போலத்தான், காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும். டீ கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து உறிஞ்சுவான். பாதி டீ சட்டையில் இருக்கும். 1998-ல் ஒரு நாள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து அவனைப் பின்னறையில் தள்ளிப் பூட்டினார்கள். மூன்று நாள் பாட்டிலைக் கண்ணில் காட்டாமல் இருந்தால் தெளிந்துவிடுவான் என்று நினைத்தார்கள். எனக்கு அந்த வாரம் நைட் டியூட்டி. முதல் நாள் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. மூன்றாம் நாள் கம்பளியில் இல்லாத எறும்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, செத்துப்போன பாட்டியைக் கூப்பிட்டிருக்கிறான். காத்து கருப்பு பட்டுவிட்டது என்று அப்பா பூசாரியைத் தேடிப் போய்விட்டார். நான் காலையில் வந்து கதவைத் திறந்தபோது நாக்கு கடிபட்டு, தலையணையில் ரத்தம் காய்ந்திருந்தது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்தான். வார்டில் இதே நிலையில் வந்த எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள் நான். என் தம்பி கடைசியாக எப்போது குடித்தான் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னை விடவில்லை.

அதனால் சொல்கிறேன். தினமும் இவ்வளவு குடிக்கிற உடம்புக்குத் திடீரென்று நிறுத்துவதுதான் முதல் ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஜன்னி கண்டது போல ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம். அது உயிரைக் குடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்வரை வீறாப்பாகப் பாட்டிலைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அவராகவே நிறுத்திவிட்டு இந்த அறிகுறி வந்தால் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் ஏதாவது கிளினிக்கில் நிறுத்தி 'ஒரு குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வோம்' என்று மட்டும் செய்யாதீர்கள். குடிப்பவர்கள் உடம்பில் வைட்டமின் பி1 சத்து வற்றியிருக்கும். பி1 ஊசியைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கும்.

இனி அந்த இரவு வண்டி. என் தம்பி மறு வருஷம் மறுபடி குடித்தபோது அப்பா அவனைக் கீழ்நாட்டில் ஒரு இடத்தில்தான் கொண்டுபோய் விட்டார். நாற்பது நாள் கழித்து வந்தவன் சாக்ஸைக் கழற்றவே மாட்டேன் என்றான். ராத்திரி தூங்கும்போது நான் உருவிப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றிச் சங்கிலித் தழும்பு. வந்த அன்றே குடித்தான். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் தீயில் கருகினார்களே, அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அந்தக் கணுக்கால்தான் கண்ணில் வந்தது.

இப்போது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. குடிநோயும் போதைநோயும் அந்தச் சட்டத்துக்குள் வரும். யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஒருவர் சம்மதிக்காமல் அவரைச் சேர்க்க வேண்டுமென்றால் மனநல டாக்டரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாக நேரில் பரிசோதித்து, உள்ளே வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வீட்டு வாசலில் கார்டு நீட்டுகிறவருக்கு ராத்திரியில் ஆளைத் தூக்க எந்த அதிகாரமும் இல்லை. நல்ல தனியார் மையங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. என்றைக்காவது ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார், ராத்திரி செவிலியர் இருப்பாரா, நான் வந்து பார்க்கலாமா, அவர் எனக்குப் போன் பேசலாமா என்று கேளுங்கள். வந்து பார்க்கக் கூடாது என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பொடி விஷயம். இப்படிக் கொடுக்கப்படுவது பல நேரம் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்ததுதான். அது மருந்துதான், கெட்ட மருந்தில்லை. ஆனால் சாப்பிடுகிறவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு, குடிப்பதில்லை என்ற முடிவோடு, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து. தெரியாமல் ரசத்தில் கலந்துவிட்டு அவர் மேலே குவார்ட்டர் ஊற்றினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மலைச் சாலைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும்?

சரி, எங்கே போவது? கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காலை ஓ.பி. நேரத்தில் சீட்டு போடுங்கள். ஊருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தீர்களே, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நம் மலையில் பஸ்ஸில் யார் எங்கே இறங்கினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். சீட்டு போடும் இடத்தில் 'கை நடுக்கம், தூக்கமில்லை' என்று சொன்னால் போதும். அது பொய் இல்லை, அவருக்கு அதுதானே இருக்கிறது. டாக்டர் அறைக்குள் போனதும் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டர் அங்கே எந்தக் கிழமை வருகிறார் என்று செவிலியரிடம் கேளுங்கள். படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அங்கே புதிய கட்டடம் திறந்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த மாதிரி ஆட்களைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, பாதி வழியில் வலிப்பு வந்து தவித்ததெல்லாம் உண்டு.

போகும்போது ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் முதல் ஊற்று எத்தனை மணிக்கு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்னால் வலிப்பு வந்ததுண்டா, ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, கறுப்பாக மலம் போனது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். அவர்களை வீட்டில் வைத்து மாத்திரை கொடுக்க டாக்டர் யோசிப்பார். அந்தத் தாள் பத்து நிமிஷப் பேச்சை மிச்சப்படுத்தும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அது பெரிய விஷயம். முக்கியமாக, அவரைப் பஸ்ஸில் கூட்டிப்போங்கள். பிக்கப்பை அவர் ஓட்டவே வேண்டாம். மச்சினரோ பங்காளியோ யாராவது ஒரு வாரம் வண்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

'குளிருக்குத்தான்' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அவரும் இதைப் படிக்கலாம். சாராயம் தோலுக்கு அடியில் ரத்தக் குழாயை விரிய வைக்கும். அதனால் மேலுக்குச் சூடு ஏறுவது போலத் தெரியும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். டிசம்பர் பனியில் குடித்துவிட்டு வெளியே விழுந்து கிடந்தவர்களை விறைத்த நிலையில் நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன்.

வரமாட்டேன் என்று சொன்னால்? குடித்திருக்கும்போது பேசாதீர்கள், அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். காலையில், அந்த நடுக்கத்தோடு அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த நேரம் பேசுங்கள். நோட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். பையன் எதிரில் வேண்டாம், தனியாக. 'இந்த நடுக்கத்துக்கு ஊசி இருக்கிறதாம், என்னோடு வாருங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் நீங்கள் மட்டும் போய் டாக்டரைப் பாருங்கள். வெளியே போக முடியாத நாளில் 14416-க்குக் கூப்பிடுங்கள், மத்திய அரசின் டெலி-மானஸ் எண். காசில்லை, இரவிலும் தமிழில் பேசுவார்கள். போதைக்கென்றே 14446 இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. கஞ்சா பழகிவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கூடலூர்

பதில்: ஆகாது அம்மா. வைத்தியம் கேட்டு வருகிறவனைப் போலீஸில் ஒப்படைப்பது டாக்டர் வேலை இல்லை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதற்கோ, சிறிய அளவில் வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர்கூடத் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற இடத்திலோ சிகிச்சையை முடித்தால், அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்க மாட்டார்கள். விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் மகன் கூட்டாளிக்குக் கைமாற்றி விடுகிறானா என்று நீங்கள் அறிந்துகொள்வது அவசியம். கூடலூர் அரசு மருத்துவமனையிலேயே முதலில் காட்டுங்கள். திடீரென்று யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், சுவருக்குப் பின்னால் குரல் கேட்கிறது என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கஞ்சாவால் அப்படி ஆவதுண்டு, சீக்கிரம் பார்த்தால் நல்லது. அடிக்காதீர்கள். அடி வாங்குகிற பிள்ளை முதலில் வீட்டை விட்டுத்தான் ஓடும்.

கேள்வி: நான்தான் குடிக்கிறவன். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தினேன். ஒரு முறை எட்டு மாதம் நின்றது. மச்சான் கல்யாணத்தில் போய்விட்டது. மறுபடி அதே டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது?
– வெல்லிங்டன் வாசகர்

பதில்: தம்பி, எட்டு மாதம் நின்றிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நிற்கத் தெரியும். மேலே சொன்ன என் தம்பி மூன்று முறை விழுந்தான். சம்பளச் சனிக்கிழமை ஒரு முறை, சாவு வீட்டில் ஒரு முறை, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு முறை. நான்காவது முறை நான் அவனைக் கூட்டிப்போனபோது, 'உங்கள் பழைய நோட்டு இருக்கிறதா?' என்றுதான் அந்த டாக்டர் கேட்டார். எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எந்த மாதம் தவறியது என்று அதில் இருந்தது. அங்கிருந்து பிடித்துக்கொண்டார். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. சிலருக்கு ஒன்று கேட்கும், சிலருக்கு இன்னொன்று. உங்கள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அதோடு, குடித்து நிறுத்தியவர்களே கூடிப் பேசுகிற ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். அங்கே பெயர் கேட்க மாட்டார்கள், காசும் கேட்க மாட்டார்கள். என் தம்பி இன்றைக்கும் போகிறான்.

பழைய சீட்டையும் டிஸ்சார்ஜ் அட்டையையும் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால், சேர்ந்த மாதத்தை மட்டும் நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு திங்கட்கிழமை காலை போய்விடுங்கள்.