குற்றாலச் சீசனும் கல்லடிப் பூச்சிகளும்: கேள்வி பதில்

சாரல் தொடங்கினால் எனக்குக் கேள்விகளும் தொடங்கிவிடும். ஓடைப் பூச்சிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, அருவியில் எத்தனையோ தடவை குளித்திருக்கிறேன். ஒரு பூச்சியும் கண்ணில் பட்டதில்லையே?

நின்று பார்த்தால் தெரியாது. ஓடையில் உள்ளங்கையளவு கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். தட்டையாக, மெல்லிய வால்களோடு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி ஒளிவது மேஃபிளை என்ற பறக்கும் பூச்சியின் குஞ்சு. வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் படபடக்கும். பக்கத்திலேயே மணல் துகள்கள் ஒட்டிய சிறு குழாய் இருக்கும். அது கேடிஸ் என்ற இன்னொரு பூச்சியின் புழுவுக்கு வீடு, தன் வாயில் சுரக்கும் பட்டு நூலால் தானே கட்டியது. தண்ணீர் சீறிப் பாயும் பாறைகளில் இன்னொரு ஈயின் புழு உண்டு. வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சிகள். அவ்வளவு வேகத்திலும் அதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது.

பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிடுங்கள்.

கொஞ்சம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதால் என்ன ஆகிவிடும்?

ஒரு தலை எண்ணெய் என்றால் பரவாயில்லை. சீசனில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தலைகள். கீழே தேங்கும் இடங்களில் எண்ணெய் ஏடாகப் படியும். மேலே வந்து காற்று எடுத்துப் போகும் நீர்வண்டுகளுக்கு அது மூச்சுமுட்டு. கல்லில் படிந்தால் பாசியைச் சுரண்டித் தின்னும் குஞ்சுகளுக்குச் சாப்பாடு போச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-லேயே அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை போட்டது.

சீயக்காய் இயற்கைதானே அண்ணா? அதில் கெடுதல் இருக்காது.

இருக்கும். சீயக்காய் நுரைப்பதற்குக் காரணம் அதிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள். செவுளால் மூச்சுவிடும் உயிர்களுக்கு அது விஷம். இறால் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்குப் போடுவார்கள். அதில் வேலை செய்வதும் சப்போனின்தான், அதுவும் செடியிலிருந்து வந்ததுதான்.

தாத்தா காலத்திலிருந்து தேய்த்துக் குளிக்கிறோம். அப்போது சாகாத பூச்சி இப்போது மட்டும் சாகுமா?

உங்கள் தாத்தா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் காலத்தில் இத்தனை பஸ், வேன், லாட்ஜ் கிடையாது. விஷம் என்பது அளவைப் பொறுத்தது. வீட்டில் தேய்த்து, வீட்டிலேயே அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள். வழக்கமும் போகாது, ஓடையும் கெடாது.

மூலிகை ஷாம்பூ?

வேண்டாம்.

குழந்தை சோப்பு?

மேலே சொன்னதுதான். நுரைக்கிற எதுவும் வேண்டாம். இதற்கு மேல் சோப்புக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

இந்தப் பூச்சிகளால் டெங்கு வருமா?

வராது. டெங்குக் கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். உங்கள் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஓடையை ஒட்டி ரிசார்ட்டும் தார் ரோடும் வந்தால் பூச்சிக்கு என்ன?

நல்ல கேள்வி. சிறகு முளைத்த மேஃபிளைக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட வேண்டும். தண்ணீர் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தை வைத்துத்தான் அது ஓடையைக் கண்டுபிடிக்கிறது. கறுப்புத் தார் ரோடும் அதே மாதிரி ஒளியைத் திருப்பும். ஹங்கேரியில் மேஃபிளைகள் காய்ந்த ரோட்டில் முட்டையிட்டதை ஆய்வாளர்கள் 1998-இல் எழுதியிருக்கிறார்கள். ராத்திரி விளக்கு இன்னும் மோசம். விடிய விடிய அதையே சுற்றிச் செத்துக் கிடக்கும். ஓடைப் பக்கம் விழாமல் விளக்கைத் தரை நோக்கித் திருப்பினாலே நிறையக் காப்பாற்றலாம்.

ஓடையில் கல் அடுக்கிப் போட்டோ எடுக்கிறோம். அதுவும் தப்பா சார்?

தப்புதான். கல்லைக் கிளறாதீர்கள் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். போன சீசனில் யாரோ ஏழு கல் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மேல் கல்லை எடுத்துத் திருப்பினேன். மணல் குழாய்கள் பதினொன்று ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் பிரித்தேன். உள்ளே புழு நூல் மாதிரி காய்ந்திருந்தது.