விமானத் தலைமை விமானிகளிடம் தலைமைத்துவம் பற்றி என்ன கற்கலாம்?

தனக்குக் கீழே இருப்பவர் பயமின்றி வாய் திறக்கும்படி நடந்துகொள்வதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பேன்.

நான் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். 1974 டிசம்பர் 4 இல் ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் எங்கள் சப்த கன்னியர் மலையில் மோதி, 191 பேரும் இறந்தார்கள். அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கித்தான் மற்ற விபத்துகளையும் படித்தேன்.

1978 இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், சக்கரக் கோளாறிலேயே தலைமை விமானியின் கவனம் முழுவதும் நின்றுவிட்டது. எரிபொருள் குறைவதை விமானப் பொறியியலாளர் சொன்னார். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். எனக்கு இது அந்நியமான கதையல்ல. தோட்ட முகாமையாளரான துரை பிழையாகச் சொன்னாலும் "சரிங்க" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஊறியது.

அந்த விபத்துக்குப் பின், அந்த விமானத்தின் நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்ஸ், விமானிகள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு வேலை செய்வதற்கான பயிற்சியை 1981 இல் தொடங்கியது. அதன் பலன் 1989 ஜூலை 19 இல் தெரிந்தது. அதே நிறுவனத்தின் தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் ஓட்டிய விமானத்தில் வால்பக்க எஞ்சின் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் முடியாமல் போனது. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்தபோது ஹேன்ஸ் கௌரவம் பார்க்கவில்லை. உள்ளே அழைத்து, மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையையும் அவர் கையில் கொடுத்தார். அமெரிக்காவின் சூ சிட்டியில் தரையிறங்கியபோது விமானம் உடைந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அதுகூட நடந்திராது என்று ஹேன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தலைமைத்துவப் பாடம் இல்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நான் இதைத்தான் கடைப்பிடிக்கிறேன். எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று நான் சொல்வதற்கு முன்பே, கங்காணியிடமும் கொழுந்து எடுக்கும் பெண்களிடமும் கேட்டுவிடுகிறேன். நான் முதலில் பேசிவிட்டால் பிறகு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். குளவிக்கூடு எங்கே இருக்கிறது, மழைக்கு எந்த வடிகால் கானோரம் மண் இளகியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முடிவெடுப்பது என் பொறுப்பு. அதை நான் யார் தலையிலும் கட்டுவதில்லை. ஆனால் கூடு இருப்பதாக ஒரு சின்னப் பிள்ளை சொன்னாலும், போய்ப் பார்க்கும்வரை அந்த மலைக்கு ஆள் அனுப்புவதில்லை. பார்த்தபின் ஒன்றுமில்லை என்றாலும் சொன்னவரை ஏசுவதில்லை.