நஷ்டம் யார் தலையில்? டோல் ரோடு, மெட்ரோ ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தனியார் பணம் போட்டு ரோடு போடுகிறார். நஷ்டம் வந்தால் அவர் பாடு. அரசுக்கு இதில் என்ன ரிஸ்க்?

பதில்: மெக்சிகோவும் அப்படித்தான் நினைத்தது. 1980களின் கடைசியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் 50-க்கும் மேற்பட்ட டோல் சாலைகளைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். யார் சீக்கிரம் வசூலை முடித்து சாலையைத் திருப்பித் தருகிறாரோ அவருக்கே ஏலம். போட்ட பணத்தைச் சில வருடங்களில் எடுக்க வேண்டுமென்றால் டோல் எகிறத்தானே செய்யும்? எகிறியது. லாரிக்காரர்கள் டோல் இல்லாத பழைய ரோட்டிலேயே போனார்கள். 1994 கடைசியில் மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்து வட்டியும் ஏற, கம்பெனிகள் தாங்கவில்லை. 1997-ல் 23 சாலைகளை அரசே எடுத்துக்கொண்டு கடனையும் சுமந்தது. வண்டி ஓடும் ரோட்டை மூட முடியாது, வங்கிகளை முழுக விடவும் முடியாது. கம்பெனிகளுக்கும் இது தெரியும்.

கேள்வி: எத்தனை வண்டி வரும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழு நாள் இரவு பகலாக லாரி தனி, பஸ் தனி, கார் தனி என்று எண்ணுவார்கள். பிறகு வருடத்துக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று ஒரு கணக்கு. எண்ணிக்கையில் பெரும்பாலும் தப்பு வராது, வளர்ச்சிக் கணக்கில்தான் ஆசை புகுந்துவிடும்.

நம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் (மாடல் ஒப்பந்தம்) இதற்கு ஒரு வழி உண்டு. குறித்த நாளில் போக்குவரத்து இலக்கைவிட 1 சதவீதம் குறைந்தால் வசூல் காலம் 1.5 சதவீதம் நீளும். அதிகபட்சம் 20 சதவீதம். எனக்குப் பிடித்தது சிலி நாட்டு முறை. 1998-ல் சான்டியாகோ–வால்பரைசோ சாலைக்கு, 'மொத்தம் இவ்வளவு வசூலானால் போதும்' என்று, வருங்கால வசூலை அன்றைய மதிப்புக்கு மாற்றிப் பார்க்கும் கணக்கில், மிகக் குறைவாகக் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். அது தேறியதும் ஒப்பந்தம் முடியும். வண்டி குறைந்தால் காலம் தானாக நீளும், பேரம் பேச வேலையில்லை. முடிவு தேதி இல்லாத கடனைக் கண்டால் வங்கிக்காரர்களுக்குத்தான் தூக்கம் வராது.

கேள்வி: 'ஹாம்' என்கிறார்களே, அது என்ன?

பதில்: 'ஹைப்ரிட் ஆன்யுவிட்டி மாடல்' என்பதன் சுருக்கம். 2016-ல் வந்தது. செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு தரும். மீதிக்குக் கம்பெனி பணம் புரட்டும், அதை அரசு 15 வருடத்தில் ஆறு மாதத் தவணைகளாகத் திருப்பித் தரும். டோல் அரசுக்கு, போக்குவரத்து ரிஸ்க்கும் அரசுக்கு.

கேள்வி: கட்டுவது ஒருவர், ஓட்டுவது இன்னொருவர் என்றால்?

பதில்: டெல்லி ஏர்போர்ட் மெட்ரோதான் பாடம். தூண், பாலம், சுரங்கம் எல்லாம் டெல்லி மெட்ரோ ரயில் நிறுவனம் கட்டியது. தண்டவாளம், ரயில், இயக்கம் எல்லாம் ரிலையன்ஸ் இன்ஃப்ரா தலைமையிலான கம்பெனியிடம். 2011 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. 2012 ஜூலையில் பாலத்தின் பேரிங்குகளில் கோளாறு என்று நிறுத்தினார்கள். கோளாறு பாலத்தில், வருமான இழப்பு ரயில் ஓட்டுபவருக்கு. ஒப்பந்தத்தை முறித்து 2013-ல் கம்பெனி விலகியது. 2017-ல் நடுவர் மன்றம் கம்பெனிக்குச் சுமார் 2,800 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 ஏப்ரலில் சீராய்வையும் தாண்டிய குறைதீர் மனுவில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இத்தனைக்கும் ரயில் 2013 ஜனவரியிலிருந்தே மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. இருவர் வேலையும் சந்திக்கும் இடத்தில் கோளாறு வந்தால் யார் சோதிப்பது, எத்தனை நாளில் சரிசெய்வது என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

கேள்வி: லாபத்துக்கு அரசு உத்தரவாதம் தரலாமா?

பதில்: கூடாது. டெல்லி–நொய்டா டி.என்.டி. பாலச் சாலையில் மொத்தச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத லாபம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் லாபம் குறைந்தால் அந்தக் குறைந்த தொகை செலவுக் கணக்கில் சேரும். வட்டிக்கு வட்டி மாதிரி. செலவு தீரவே தீராது, டோலும் நிற்காது. 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது.

கேள்வி: கம்பெனியே தப்பு செய்து ஒப்பந்தம் முறிந்தால் அரசு காசு தர வேண்டாம்தானே?

பதில்: தர வேண்டும். ரோடு திறந்த பிறகு அப்படி முறிந்தால், காப்பீட்டுத் தொகை போக வங்கிக் கடனில் 90 சதவீதத்தை அரசு தர வேண்டும் என்பது நம் மாதிரி டோல் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு ஷரத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது.