காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் கவனம்? – கேள்வி பதில்

மாரி மழை ஓய்ந்துவிட்டது, நுளம்பு ஓயவில்லை. டெங்குக் காய்ச்சல் பற்றிய மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்கு, நிர்ப்பீடனவியல் (உடலின் நோயெதிர்ப்பு பற்றிய துறை) கற்பிக்கும் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சேர், வைரஸ் வந்தது ரி-கலத்துக்கு எப்படித் தெரிகிறது? (உயர்தர மாணவி, கல்லடி)

ரி-கலம் என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெண்குருதிக் கலம். அதற்குத் தானாகத் தெரியாது, மகள். வைரஸ் தொற்றிய கலம் முதலில் இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். 1957 இல் விஞ்ஞானிகளான ஐசக்சும் லின்டன்மானும் கண்டறிந்த பொருள் இது. அயற்கலங்கள் உடனே வைரஸ் பெருக முடியாதபடி தம்மை மாற்றிக்கொள்ளும். கிளைவிரித்த காவற்கலம் ஒன்று வைரஸின் துண்டை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் ரி-கலத்திடம் காட்டும். காட்டினால் மட்டும் போதாது. காவற்கலத்தின் துணை மூலக்கூறு ஒன்று ரி-கலத்தைத் தொட வேண்டும்; இன்டர்பெரோனோ, இன்டர்லியூக்கின்-12 என்ற செய்தி மூலக்கூறோ கிடைக்க வேண்டும். அப்போதுதான் இன்டர்லியூக்கின்-2 என்ற இன்னொரு செய்தி மூலக்கூறின் தூண்டலில் ரி-கலம் முழு வேகத்தில் பெருகும்.

டாக்டர், மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை. ஏன்? (தாய், காத்தான்குடி)

விடாதது சரி. டெங்கின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும்போதுதான் தொடங்கும், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அந்நேரம் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் நிர்ப்பீடனக் கலங்கள் கொட்டிய செய்தி மூலக்கூறுகளும் வைரஸின் புரதமொன்றும் சேர்ந்து குருதிக் குழாய்ச் சுவரைக் கசியச் செய்யும். நீர் வெளியேற, குருதி தடிக்கும். பிள்ளை எழுந்திருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். குடித்த அளவையும் சிறுநீரின் அளவையும் தாதி கேட்டுக் கேட்டு எழுதுவது இதற்காகத்தான், சலிக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் ரி-கலமே எதிரியா? (ஆசிரியர், கல்முனை)

முன்பு பலர் அப்படித்தான் நினைத்தார்கள். இலங்கையில் பெற்ற குருதி மாதிரிகளைக் கொண்டு செய்து 2013 இல் வெளியான ஆய்வு, தொற்றிய கலங்களைக் கொல்லும் வலுவான ரி-கலங்கள் கடும் நோயிலிருந்து காக்கக்கூடும் என்று காட்டியது. என் பார்வையில், தூண்டுவதைவிட நிறுத்துவதுதான் உடலுக்குக் கடினமான வேலை. இன்டர்லியூக்கின்-10 என்ற செய்தி மூலக்கூறு ஒரு தடுப்பு. ஜப்பானிய விஞ்ஞானி ஹொன்ஜோவின் குழு 1992 இல் கண்ட, ரி-கலத்தின் மேலிருக்கும் பீடி-1 என்ற புரதம் இன்னொன்று. இந்த வழியில் வந்த புற்றுநோய் ஆய்வுக்கு 2018 இல் நோபல் பரிசும் கிடைத்தது. தடுப்பு நெடுநாள் இறுகினால் ரி-கலம் களைத்துவிடும், வைரஸ் தங்கிவிடும். நாட்பட்ட ஹெபடைட்டிஸ்-பி ஈரல் நோயில் அதைக் காண்கிறோம்.

நிர்ப்பீடனத்தைக் கூட்ட பப்பாசி இலைச்சாறு கொடுக்கலாமா? (அக்கரைப்பற்று)

எதைக் கூட்டப் போகிறீர்கள்? முடுக்கியையா, தடுப்பையா? சாற்றை நம்பி வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்காதீர்கள். காய்ச்சலுக்கு அளவான பரசிட்டமோல் போதும். அஸ்பிரினும் இபுபுரோபனும் வேண்டவே வேண்டாம், குருதிப்பெருக்கைக் கூட்டிவிடும்.