பாலிதீன் பையில் வியர்க்கும் கிராங்க் ஷாஃப்ட்

கேள்வி: 2014-இல் அம்பாசடர் கார் தயாரிப்பு நின்றதும், இனி என்ஜின் சாமான் கிடைக்காதோ என்று பயந்துபோய் ஒரு கிராங்க் ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் வாங்கிப் போட்டேன். ஊர் தூத்துக்குடி. கிரீஸ் தடவி பாலிதீன் பையில் கட்டித்தான் வைத்தேன், இப்போது பிரித்தால் கிராங்க்கில் புள்ளி புள்ளியாகத் துரு. எப்படி சார்?

பை உள்ளே காற்றையும் சேர்த்துத்தானே கட்டினீர்கள், அந்த ஈரக் காற்று ராத்திரி குளிர்ந்ததும் இரும்பின் மேல் வியர்த்துவிடும், வெளியே போக வழியும் கிடையாது. அதோடு வெறுங்கையால் தூக்கியிருப்பீர்கள். கை வியர்வையில் உப்பு, உங்கள் ஊர்க் காற்றிலும் உப்பு, இரண்டையும் துடைக்காமல் மேலே கிரீஸ் பூசினால் உப்பைப் பத்திரமாக மூடி வைத்த மாதிரிதான். மண்ணெண்ணெயில் கழுவுங்கள், ஆயில் துளைக்குள்ளும் பிரஷ் போகட்டும், காற்றடித்து, வெயிலில் தொட்டால் சூடு தெரியும்வரை காயவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துருத் தடுப்பு ஆயிலை மெலிதாகப் பூசுங்கள். அப்புறம் விசிஐ பேப்பர், அதாவது துருத் தடுப்பு மருந்து ஏற்றிய தாள். அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து காக்கிறது, அதனால் பேப்பரைச் சுற்றி அதற்கு மேல் பையை நன்றாக மூடிவிட வேண்டும். திறந்து கிடந்தால் ஆவி பறந்துபோகும், காசு தண்டம். ஐப்பசி மழையில் உட்கார்ந்து பொட்டலம் கட்ட வேண்டாம். ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதியில், விழுந்த புள்ளிகளை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், லேத் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க்கைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி, விழாதபடி கட்டி வையுங்கள்.

கேள்வி: டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதாதா?

பெயரிலேயே பதில் இருக்கிறது: டபிள்யூடி என்றால் ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, நீரை விரட்டும் கலவை, 40ஆவது முயற்சியில் அமைந்தது. கழுவியபின் ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் படலம் ரொம்ப மெலிசு, வருடக்கணக்கில் வைக்கும் சாமானுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

கேள்வி: வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில் சும்மாதானே கிடக்கிறது, அதைப் பூசி நியூஸ்பேப்பரில் சுற்றலாமா?

இரண்டுமே தப்பு. ஓடின ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் கொஞ்சம் தண்ணீரும் கலந்திருக்கும், அதுவே அரிக்கும். பேப்பர் கதையை என் செலவிலேயே சொல்கிறேன்: எட்டு வால்வுகளைத் தினசரித் தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன், தாள் ஆயிலையெல்லாம் குடித்துவிட்டு மழைக்காலத்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டது, பிரித்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாகத் துரு!

கேள்வி: பைக்குள் ஈரம் உறிஞ்சப் போட்ட சிலிகா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகிவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். சுமார் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அந்த நிறம் கோபால்ட் உப்பு, விஷம், அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

கேள்வி: ஆயில் சீலுக்கும் கிரீஸ் தடவி வைக்கலாமா?

ரப்பருக்கு எதற்குத் துரு மருந்து? வெயில் படாமல், மடங்காமல், கம்பெனிக் கவரிலேயே இருக்கட்டும். ஆனால் எப்படி வைத்தாலும் ரப்பர் வயதாகி இறுகும், பத்து வருடத்துக்கு முன்கூட்டியே வாங்கி அடுக்கும் சாமான் அது இல்லை.