இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள ஜிங்காரோ இயற்கைக் காப்பகத்தைப் படகிலிருந்து பார்த்தால் போதுமா, நடந்துதான் போக வேண்டுமா?

வயதான அப்பா அம்மாவோடு செப்டம்பரில் பலேர்மோ போகிறீர்கள், ஜிங்காரோவுக்கு ஒரு பகல்தான் ஒதுக்க முடியும், படகுச் சுற்றுலாவே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தே போங்கள். முழுப் பாதையும் வேண்டாம், கொஞ்ச தூரமாவது போதும்.

படகில் போனால் தெரிவது பாறைச் சுவரும் அதன் அடியில் நீலத் தண்ணீரும். அந்தக் காட்சி சிசிலியில் வேறு பல இடங்களிலும் கிடைக்கும். ஜிங்காரோவைத் தனியாக்குவது அங்கே இல்லாத ஒன்று: சாலை. 1970களில் தெற்கே ஸ்கொபெல்லோவையும் வடக்கே சான் வீட்டோ லோ காப்போவையும் இணைக்கக் கடலோரமாகவே ஒரு சாலை போடத் தொடங்கினார்கள். மலையைக் குடைந்து வேலையும் நடந்தது. அந்தச் சாலை முடிந்திருந்தால் அதன் பின்னாலேயே விடுதிகளும் வில்லாக்களும் வந்திருக்கும். 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கானோர் அந்தக் கரையிலேயே நடைபேரணி போய் எதிர்ப்பைக் காட்டினார்கள். வேலை நின்றது. 1981இல் சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாக இது அறிவிக்கப்பட்டது. தெற்கு வாயிலில் நுழைந்ததும் ஒரு குட்டிச் சுரங்கவழியைக் கடப்பீர்கள். நின்றுபோன அந்தச் சாலைக்காகக் குடைந்ததுதான் அது. கொஞ்ச தூரத்தில் சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கிவிடும். அங்கிருந்து 7 கிலோமீட்டர் கடற்கரை நெடுக ஒரு வண்டியும் கிடையாது. மக்கள் தெருவில் இறங்கி ஒரு கரையைக் காப்பாற்றினார்கள் என்பதை வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு, அதே தடத்தில் கால் வைத்து நடப்பது வேறு. நடக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் செடிகொடிகள். படகிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைப் பூச்சாகத் தெரியும். பாதையில் போகும்போதுதான் இரண்டு பக்கமும் குட்டைப் பனைகள் நிற்பது புரியும். நம் பனையின் விசிறி ஓலைகளை இடுப்பளவுக்குக் குறுக்கி வைத்ததுபோல் இருக்கும். மேற்கு மத்தியத்தரைக் கரையில் இயற்கையாக வளரும் ஒரே பனை இனம் இது. துடைப்பம், கூடை, கயிறு எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் இதன் ஓலையிலிருந்துதான் செய்தார்கள். கூடவே ‘டீசா’ என்று ஒரு முரட்டுப் புல் வளரும்; ஒரு குடாவுக்கே அதன் பெயர்தான். பாதையோரப் பழைய வீடுகள் சிலவற்றைச் சிறு அருங்காட்சியகங்களாக வைத்திருக்கிறார்கள். பின்னல் வேலையைக் காட்டும் வீடு திறந்திருந்தால் அம்மாவை அவசியம் அழைத்துப் போங்கள்.

நீங்கள் போகும் மாதத்தில் சில புதர்கள் இலையே இல்லாமல் நிற்கும். பட்டுப்போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். மரக்கள்ளி வகை அது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு இலையுதிர்கால மழைக்குத் துளிர்க்கும். கோடைதான் அங்கே பஞ்ச காலம். அதனால்தான் தீயும் அங்கே பெரிய ஆபத்து. 2020 ஆகஸ்ட் கடைசியில் பிடித்த தீ காப்பகத்தின் பெரும்பகுதியை எரித்தது. குட்டைப் பனை அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்றாலும் மற்ற மரங்களுக்கு ஆண்டுக் கணக்காகும். சிகரெட் விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்.

கற்களுக்கு இடையே பழுப்பு நாடாக்களைப் போலக் காய்ந்த இலைகள் குவிந்து கிடந்தால் அதைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பொசிடோனியா என்னும் கடற்புல்லின் இலை அது. பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் தாவரம். மீன்குஞ்சுகள் அதன் புல்வெளியில்தான் வளர்கின்றன. கரையில் ஒதுங்கும் குவியல் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு கரை அரிப்பைக் குறைக்கிறது. பல உல்லாசக் கடற்கரைகளில் இதை வாரிக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

இனி உங்கள் திட்டம். அப்பா அம்மா இருப்பதால் தெற்கு வாயிலில் நுழைந்து முதல் குடாவான காப்ரேரியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரதான பாதையிலிருந்து கடலுக்கு இறங்கும் கிளைப் பாதை சரிவாக இருக்கும், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம். நீங்கள் மட்டும் இன்னும் நடக்க விரும்பினால் ஊட்ஸோ குகை வரை போய் வாருங்கள். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் வாழ்ந்து, இறந்தவர்களைப் புதைத்த இடம் அது.

காப்பகம் கிழக்கைப் பார்த்திருக்கிறது. காலையிலேயே வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பிற்பகல் சாயச் சாய மலையின் நிழல் குடாக்களின் மேல் இறங்கும். தண்ணீரின் நிறம் பார்க்கக் காலைதான் சிறந்தது, வண்டி நிறுத்த இடமும் அப்போதுதான் எளிதில் கிடைக்கும். வழியில் கடை இல்லை, மர நிழலும் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குடாக்களில் மணல் இல்லை, கூழாங்கற்கள்தான். அதனால் ரப்பர் செருப்பு வேண்டும். தீ அபாயமோ பாறைச் சரிவோ இருந்தால் பாதையை மூடுவார்கள், முந்தின நாளே அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே சாலை இல்லை, மலையைச் சுற்றித்தான் கார் வர வேண்டும். போன வழியிலேயே திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.